ஆழப்புதையல் கமிட்டியும் கீழமருதநல்லூர் வாசல்களும்

பஞ்சாங்கத்தில் அதற்குச் சாதாரண வருஷம் என்றுதான் பெயர் போட்டிருந்தது. இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து. வைகாசியில் ஒரு நாள் காலை, கீழமருதநல்லூர் குற்றாலிங்கம் பிள்ளை கார் சாகுபடிக்காகத் தம்முடைய மருதடி வயலை உழுதுகொண்டிருந்தபோது கலப்பைக் கொழுவில் ஏதோ நெருடியது. குனிந்து எடுத்தார். மூன்று செம்புக் காசுகள், களிம்பேறிப் பச்சையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. எந்த ராஜா அடித்த காசு என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அந்த ராஜா எழுந்து வந்து அவரைக் காப்பாற்றியிருக்கப் போவதில்லை.

அவற்றை வாய்க்காலில் விட்டெறிந்துவிட்டு உழவைத் தொடர்ந்திருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. ஆனால் குற்றாலிங்கம் பிள்ளை யோக்கியர். சர்க்காரும் தம்மைப் போலத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவது யோக்கியர்களுக்குள்ள வியாதி. மண்ணில் கிடைத்ததைச் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாக எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். காசுகளை வேட்டி முனையில் முடிந்துகொண்டார். தாமிரபரணியை முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கடந்தார். தாலுகா கச்சேரி மேசைமேல் முடிச்சை அவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிட்டார்.

மறுநாள் வயலைச் சுற்றி முளையடித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். கயிற்றில் முழத்துக்கு ஒரு சிவப்புத் துணி தொங்கியது. மருத மரத்தடியில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார். வயலுக்குள் கலப்பை, மண்வெட்டி, மாடு, மனுஷன், தண்ணீர் எதுவும் போகக் கூடாது என்று உத்தரவு.

"தண்ணியுமா வே?" என்று கேட்டார் குற்றாலிங்கம் பிள்ளை.

"தண்ணி காச எடம் மாத்திப்புடுமாம். மேல சொல்லுதாக" என்றார் கான்ஸ்டபிள்.

மேலே என்பது இந்த இடத்தில் புதைபொருள் கருவித் தேர்வுக் கமிட்டியைக் குறிக்கும். அதன் தலைவர் ராவ் பகதூர் கைலாசம் பிள்ளை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. திருநெல்வேலி டவுணில் ரத வீதியிலே புதுசாக மச்சு வீடு கட்டிக் குடிபோயிருந்தார். காரியதரிசி பாக்கியசீலன் என்பவர் பாளையங்கோட்டையில் சயன்ஸ் வாத்தியார். கமிட்டியில் கருவி என்றால் என்ன என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அவருக்கு ஓட்டுப் போடும் உரிமை கொடுக்கவில்லை.

முதல் கூட்டத்துக்குக் குற்றாலிங்கம் பிள்ளையையும் அழைத்து மூலையில் நிற்க வைத்தார்கள். ராவ் பகதூர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"கனவான்களே! ஒரு சாதாரணக் கலப்பைக்கு மூன்று காசு கிடைத்திருக்கிறது. கலப்பை படிக்காதது. படித்தவர்கள் தேடினால் எவ்வளவு கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மருதடி வயலுக்குக் கீழே மிக ஆழத்தில் பெரும் புதையல் இருக்கிறது என்பதைக் கமிட்டி ஏகமனதாக முடிவு செய்துவிட்டது. அதை எந்தக் கருவியால் கண்டுபிடிப்பது என்பது மட்டும்தான் பாக்கி."

குற்றாலிங்கம் பிள்ளை மூலையிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "எசமான், வெட்டிப் பாத்துருவோமே. நானே ஆள் விட்டு வெட்டித் தாரேன். ரெண்டு நாள் சோலி."

"வெட்டிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றாகிவிட்டால், இத்தனை கனவான்கள் இங்கே கூடியதற்கு என்ன மரியாதை?" என்றார் ராவ் பகதூர்.

குற்றாலிங்கம் பிள்ளை மறுபடி மூலையில் ஒடுங்கினார். இதற்குப் பதில் எனக்கும் தெரியவில்லை.

முதலில் ஒரு பெரிய காந்தம் வந்தது. இரண்டு பேர் அதைக் கயிறு கட்டி வயலெங்கும் இழுத்தார்கள். உடைந்த அரிவாள் மூக்கும் மாட்டு லாடமும் ஒட்டிக்கொண்டு வந்தன. கிடைத்த செம்புக் காசுகளையே அதன் வாய்க்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள், அவை அசையவில்லை. செம்பு ஒத்துழைக்க மறுக்கிறது என்று ராவ் பகதூர் குறித்துக்கொண்டார்.

அடுத்து குலசேகரன்பட்டினத்திலிருந்து மை போட்டுப் பார்க்கிறவரை அழைத்து வந்தார்கள். அவர் வெற்றிலையில் மையைத் தடவி, கண்ணைச் சுருக்கி, ஏழு கொப்பரையும் அவற்றின்மேல் ஒரு நாகமும் தெரிவதாகச் சொன்னார். நாகம் படுத்திருப்பது பட்டா நிலத்திலா, புறம்போக்கிலா என்று கமிட்டி விசாரித்தது. தலை பட்டாவில், வால் புறம்போக்கில் என்றார் அவர். வாலுக்கு யார் பொறுப்பு என்று ஆனி முழுவதும் விவாதம் நடந்தது. கடைசியில், அந்த மையில் மைக்காரரைத் தவிர வேறு எந்தக் கனவானுக்கும் ஒன்றும் தெரியாததால், அது பதவிக் கிரமத்துக்கு விரோதமான கருவி என்று தள்ளிவிட்டார்கள்.

பிறகு ஒருவர் கவட்டைக் குச்சியோடு வந்தார். கீழே ஏதாவது இருந்தால் குச்சி தானே தாழுமாம். ஆற்றுப் பாசனத்தில், வாய்க்காலுக்குப் பக்கத்தில் குச்சி தாழாமல் என்ன செய்யும்? தாழ்ந்து தாழ்ந்து அவருக்குக் கை வீங்கியதுதான் மிச்சம்.

இதற்குள் கார் சாகுபடி போய்விட்டது. பக்கத்து வயல்களில் கதிர் சாய்ந்து கிடக்க, மருதடி வயல் வெடித்துப் பிளந்து கிடந்தது. காக்கை கூட அதில் இறங்குவதில்லை. குற்றாலிங்கம் பிள்ளைக்கு வேறு நிலம் கிடையாது; வாய்க்கால் கரையில் பாய் அகலத்துக்கு ஒரு நாற்றங்கால் உண்டு, அவ்வளவுதான். புரட்டாசியில் அதில் அடுத்த போகமான பிசானத்துக்கு விதை தெளித்தார். முளைத்தது. தினமும் விடிந்ததும் அதன் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் கிடக்கும் வயலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பிசானமும் போச்சுன்னா அடுத்த வருசம் சோத்துக்கு எங்க போக, அத்தான்?" என்று வடிவம்மாள் கேட்டாள்.

"அப்படி விட்டுருவாகளா. படிச்சவுகல்லா" என்றார்.

ஐப்பசி பிறந்தபோது கடைசிக் கருவி வந்து சேர்ந்தது. சீமையிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் வந்தது. கயிறு பின்னாத கட்டில் மாதிரி ஒரு மரச்சட்டம், அதில் கம்பிச் சுருள், ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து காதில் வைத்துக் கேட்க ஒரு குழல். கீழே உலோகம் இருந்தால் குழலில் வண்டு இரைகிற மாதிரி சத்தம் வரும் என்றார் பாக்கியசீலன். குழலை யார் காதில் வைப்பது என்று முடிவு செய்ய ஓர் உபகமிட்டி கூடியது. ராவ் பகதூர் காதுதான் என்று முடிவானது. பெட்டியைக் கச்சேரி வாசல் வழியாக வெளியே தூக்கி வந்தபோதே அது ஒரு முறை இரைந்தது. தலைவருக்கு அது செலுத்திய மரியாதை என்று எழுதிக்கொண்டார்கள்.

வயலில் அது வாயே திறக்கவில்லை. வரப்பு வரப்பாகத் தூக்கி நடந்தார்கள். ராவ் பகதூர் குழலும் காதுமாகக் குடைக்கு அடியில் பின்னாலேயே நடந்தார். ஒரு முனகல் கூட இல்லை.

பாக்கியசீலன் சட்டைப்பையிலிருந்து ஒரு காலணாவை எடுத்தார். "சார், இதப் புதைச்சுட்டுக் கேப்போம். பெட்டி சரியா இருக்கான்னு தெரிஞ்சுரும்."

ராவ் பகதூர் முகம் சிவந்தது. "இப்போது புதைத்தால் அது புதையலா? அது வைத்தல். மேலும், புழக்கத்திலுள்ள மன்னர் காசை மண்ணுக்குள் தள்ள இந்தக் கமிட்டிக்கு அதிகாரம் கிடையாது. காலம் காலமாகக் கீழே இருக்கிற காசு வேண்டும். இருக்கிறது என்று நிச்சயமாகவும் தெரிய வேண்டும். அதை யாரும் தோண்டிப் பார்த்தும் இருக்கக் கூடாது. அப்படி ஓர் இடம் கிடைக்கும் வரை இந்தப் பரீட்சையை ஒத்திவைக்கிறேன். வயல் இப்படியே இருக்கட்டும்."

ஒத்திவைக்கிறேன் என்ற சொல் காதில் விழுந்ததும் குற்றாலிங்கம் பிள்ளைக்கு நாற்றங்கால்தான் கண்ணுக்குள் வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் நாற்று முற்றிக் கணு விட்டுவிடும். அதற்குப் பிறகு நட்டால் வைக்கோல்கூடத் தேறாது. வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"எசமான், அப்படி ஒரு எடம் இருக்கு. எங்க வீட்டு வாசல் நிலைக்குக் கீழ. எங்க தாத்தா வீடு கட்டி நிலை நிறுத்தையில ஒரு செப்புத் தகடும், வெள்ளிக் காசும், பொட்டுத் தங்கமும், நவதானியமும் போட்டுத்தான் நிறுத்துனாக. எல்லாரும் செய்யுததுதான. அங்கன வச்சுக் கேட்டுப் பாருங்க. சரியா இருந்தா வயல விட்டுருங்க."

கமிட்டி ஊருக்குள் நுழைந்தது. வடிவம்மாள் அடுப்படியிலிருந்து வந்து பார்ப்பதற்குள் கட்டில் மாதிரியான அந்தச் சட்டத்தை வாசற்படிமேல் பிடித்திருந்தார்கள். ராவ் பகதூர் முகம் மலர்ந்தது. குழலை ஒவ்வொரு கனவானின் காதிலும் பதவிப்படி வைத்தார்கள். இரைந்தது, சந்தேகமில்லை.

குற்றாலிங்கம் பிள்ளை சந்தோஷமாகக் கும்பிட்டார். "அப்ப வயலு, எசமான்?"

"பொறும். இது காசுக்குத்தான் இரைந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? எலி எலும்புக்குக்கூட இரைந்திருக்கலாம். நிலையைப் பெயர்த்துப் பார்க்க வேண்டும்."

வடிவம்மாள் நிலையில் சாய்ந்து இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். "நிலையப் பேக்கக் கூடாது எசமான். குடி விளங்காது. அத்தான், சொல்லுங்களேன்!"

அவர் கையைப் பிசைந்துகொண்டு, "திரும்ப வச்சுக்கிடலாம்ளா. பயிரு போனா வராது" என்றார். அதற்கு அப்புறம் அவள் அவரைப் பார்க்கவில்லை. நிலையை விட்டு விலகிச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

கடப்பாரை போட்டு நிலையைப் பெயர்த்துச் சுவரில் சாத்தினார்கள். அடியில் தகடும் காசும் தங்கமும் இருந்தன. தானியம் மக்கி மண்ணாகியிருந்தது. கமிட்டி கைதட்டியது. பெட்டி தேர்ந்தெடுக்கப்பட்டதாக அங்கேயே தீர்மானம் ஆனது. எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் பாக்கியசீலன் பெட்டியை நிறுத்த மறந்துவிட்டார். தெரு வழியே அதைத் தூக்கிப் போகையில், அடுத்த வீட்டு வாசலில் இரைந்தது. எதிர் வீட்டில் இரைந்தது. அதற்கு அடுத்த வீட்டிலும் இரைந்தது.

ராவ் பகதூர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பிறகு, "சுண்ணாம்பு கொண்டு வா" என்று மட்டும் சொன்னார்.

இரைந்த வீட்டுக்கெல்லாம் வாசல் சுவரில் ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டார்கள். மேலத்தெரு முடிந்து, கீழத்தெரு முடிந்து, கிறிஸ்தவர்களான வேதக்காரர் தெருவுக்கும் பெட்டி போனது, அங்கேயும் இரைந்தது. ஊருக்கு வெளியே ஓலைக்குடிசைகள் இருக்கும் பக்கம் போனது. பனஞ்சட்டத்தில் நிலை வைத்த குடிசைகளுக்கு முன்னாலும் இரைந்தது. சிலர் வட்டத்தைச் சாணி போட்டு அழித்தார்கள். விடிந்ததும் அதே இடத்தில் இன்னும் பெரிய வட்டம் இருந்தது. யார் வந்து போட்டார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. அதன் பிறகு யாரும் அழிக்கவில்லை. வாசலில் கோலம் போடுவதும் நின்றுபோனது.

ஊர்ச் சாவடியில் விசாரணை நடந்தது. வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, அது நிலைக்குப் போட்ட காசுதான் என்று சொன்னார்கள். ராவ் பகதூர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

"கனவான்களே! ஒருவன் சொன்னால் நம்பலாம். ஊரே ஒரே பதிலைச் சொல்கிறது. முன்கூட்டிப் பேசிவைக்காமல் இது எப்படிச் சாத்தியம்? உண்மை என்றால் ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும். என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்தது அதுதான். இந்த ஊர் தன் புதையலைப் பங்கு போட்டு, வீட்டுக்கு வீடு வாசற்படியில் ஒளித்து வைத்திருக்கிறது. ஏழைக் குடிசையில்கூட இருக்கிறது என்றால், இந்தச் சதி எவ்வளவு ஆழமானது!"

குற்றாலிங்கம் பிள்ளை பதறிப்போனார். "எசமான், டவுண்ல நீங்க புது வீடு கட்டி நிலை நிறுத்தையிலயும் போட்டிருப்பியள்ளா? அதே மாதிரிதான் இதும்."

ராவ் பகதூர் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"என் வீட்டில் வைத்தது சாஸ்திரம். இங்கே வைத்தது புதையல்" என்றார்.

நிலைகளைப் பெயர்க்க ஆரம்பித்தார்கள். பகல் முழுவதும் கடப்பாரைச் சத்தம்தான். எல்லா வாசலிலும் ஒரு குழி. குழிக்குமேல் பலகை போட்டு ஜனங்கள் நடந்தார்கள். பெயர்த்த நிலைகளைச் சாவடிக்கு முன்னால் அடுக்கி, கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டார்கள். சாட்சிப் பொருளாம். கமிட்டி கலையும்வரை திருப்பித் தர முடியாது. கமிட்டி எப்போது கலையும் என்று கேட்டதற்கு, அதைத் தீர்மானிக்க ஒரு கமிட்டி வேண்டும் என்றார்கள்.

வேதக்காரர் தெருவில் இஸ்ரவேல் வீட்டு நிலைக்குக் கீழேயும் காசும் நவதானியமும் கிடைத்தன. அஞ்ஞானச் சடங்கு செய்ததாக அவனைச் சபையில் நற்கருணை வாங்கவிடாமல் நிறுத்திவிட்டார்கள். ஆற்றங்கரையில் குற்றாலிங்கம் பிள்ளையைக் கண்டதும் அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அண்ணாச்சி, எங்கப்பாவுக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம் வே அது. ஒம்ம ஒத்த வயலுக்காக ஊர் வாசலப் பூரா காட்டிக் குடுத்துட்டீரே" என்று சொல்லிவிட்டுப் போனான். குற்றாலிங்கம் பிள்ளை அவமானத்தில் உடம்பு குறுகிப்போய், குளிக்காமலே திரும்பினார்.

அந்த வாரமே வயலைத் திறந்துவிட உத்தரவு வந்தது. ஊரே புதையலாக இருக்கும்போது வயல் எதற்கு என்று கமிட்டிக்குத் தோன்றியிருக்க வேண்டும். கயிற்றை அவிழ்த்தார்கள். கான்ஸ்டபிள் மருத மரத்தடியிலிருந்து எழுந்து சாவடிக்குப் போனார். குற்றாலிங்கம் பிள்ளை தண்ணீர் கட்டி, உழுது, தொளி அடித்துச் சேறாக்கி, வயலைத் தயார் செய்தார். நாற்று இன்னும் முற்றவில்லை. ஒன்றிரண்டு நாள் தாங்கும். நடுகைக்கு ஆள் கூப்பிட, நடுகைப் பெண்களுக்குத் தலைவியான சந்தனமாரியின் குடிசைக்குப் போனார்.

அவள் குழிக்கு அந்தப் பக்கம் நின்றாள். இவர் இந்தப் பக்கம் நின்றார்.

"நாளைக்கு நல்ல நாளு, சந்தனமாரி. ஆளுகளக் கூட்டிட்டு வா."

"கோவத்துல சொல்லலய்யா. மொத நாத்து ஊணுத கை, நிலை தாண்டி வந்த கையா இருக்கணும். நிலை இல்லாத வீட்டுலேருந்து நல்ல காரியத்துக்குக் கெளம்பலாமா? எந்தப் பொம்பளையும் வர மாட்டா. ஒங்க வயலுக்கு மட்டும் இல்ல, எங்க வயித்துக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். எங்களுக்கும் இந்த வருசம் கூலி கெடையாது."

தெருத் தெருவாக அலைந்தார். எல்லாரும் இதையே சொன்னார்கள். ஒருவர் கூடத் திட்டவில்லை; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து வடிவம்மாளைப் பார்த்தார். "நாம ரெண்டு பேருமாவது நடுவோமா?" என்று கேட்டார். அவள் வாசல் குழியைக் காட்டினாள். நாற்று மஞ்சளாகி, கணு விட்டது. தொளியடித்த வயல் தண்ணீரோடு கிடந்தது.

இந்தச் செய்தி ராவ் பகதூருக்கு எட்டியது. பெட்டி சகிதம் கமிட்டி வயலுக்கு வந்தது.

"ஏன் நடவில்லை?"

குற்றாலிங்கம் பிள்ளை உள்ளதைச் சொன்னார். நிலை போன வீட்டிலிருந்து யாரும் நல்லதுக்குக் கிளம்ப மாட்டார்கள் என்றார்.

ராவ் பகதூர் சிரித்தார். "கேட்டீர்களா, கனவான்களே! வயலை விடச் சொல்லி மாதக்கணக்கில் அழுதான். விட்டோம். உழுதான், சேறாக்கினான், நடவில்லை. நடாத வயலை எதற்காக ஒருவன் உழுது கலக்குவான்? எதையோ இன்னும் கீழே தள்ளுவதற்குத்தான். பெட்டியை வையுங்கள்."

சேற்றில் இறங்கிப் பெட்டியை வைத்தார்கள். குழலில் சத்தம் இல்லை. பாக்கியசீலன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒண்ணும் இல்ல சார். இருந்தாலும், ஒரு முழத்துக்குக் கீழ இருந்தா இந்தப் பெட்டிக்குக் கேக்காதுன்னும் சொல்லணும்."

"இங்கே கேட்கிறதா?"

"இல்ல சார்."

"அப்படியானால் அதற்கும் கீழேதான் இருக்கிறது. இதைவிட ஆழமாகக் கேட்கிற கருவி வேண்டும்." குற்றாலிங்கம் பிள்ளை பக்கம் திரும்பினார். "நீர் உள்ளூர்க்காரர். உமக்குத் தெரியாமல் இருக்காது. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது?"

குற்றாலிங்கம் பிள்ளை வயலைப் பார்த்தார். வயலுக்கு அப்பால் ஊரைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"எசமான் எம்புட்டுத் தோண்டுதியளோ, அம்புட்டு ஆழத்துல இருக்கும்."

"ஒப்புக்கொண்டான்" என்றார் ராவ் பகதூர். "எழுதிக்கொள்ளும்."

முளைகளைத் திரும்ப அடித்தார்கள். இந்தத் தடவை நாற்றங்காலையும் சேர்த்துக் கயிறு கட்டினார்கள். புதையல் இருக்கும் இடத்தை அறிந்தும் மறைத்த ஆசாமி என்று குற்றாலிங்கம் பிள்ளையின் கையில் விலங்கு மாட்டினார்கள். சாயங்காலம் இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரை மேலத்தெரு வழியே நடத்திக்கொண்டு போனார்கள். அவர் தலை நிமிரவில்லை. இஸ்ரவேல் பார்ப்பான், எல்லாரும் பார்ப்பார்கள் என்று கூசிக்கொண்டே நடந்தார்.

முதலில் வடிவம்மாள் வந்தாள். குழியைத் தாண்டி இறங்கி, தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு, அவருக்குப் பின்னால் நடந்தாள். பிறகு ஒவ்வொரு வாசல் குழியையும் தாண்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். இஸ்ரவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான். சந்தனமாரி தன் பெண்களோடு வந்தாள். கான்ஸ்டபிளுக்கு ஆச்சரியமாகிவிட்டது.

"நடுகைக்குக் கூப்புட்டப்ப நிலை இல்லைன்னு ஒருத்தரும் வரலியாமே. இப்ப மட்டும் எப்படிக் கெளம்புனீக?"

"நல்லதுக்குத்தான்யா நிலை வேணும்" என்றாள் சந்தனமாரி. "இதுக்கு எதுக்கு?"

சாவு விழுந்த துஷ்டி வீட்டிலிருந்து ஆற்றுக்குப் போகிற மாதிரி, ஆண்கள் முன்னாலும் பெண்கள் பின்னாலுமாக அவரைத் தொடர்ந்து நடந்தார்கள். சாவடி முன்னால் வில்வண்டியில் ஏறிக்கொண்டிருந்த ராவ் பகதூர் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். கமிட்டியின் நடவடிக்கைக்கு ஊரில் நல்ல ஆதரவு இருப்பதாகக் குறித்துக்கொள்ளும்படி பாக்கியசீலனிடம் சொன்னார்.